பேரம் பேசுகிறார்களாம் விமானிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விமான நிறுவனங்களின் நெருக்கடி பற்றிய கட்டுரையைப் படித்தேன். எரிபொருள் விலை, டிக்கெட் விலை பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில்தான் வந்தது வினை. "நிறுவனமே தள்ளாடும் நேரத்தில், லட்சங்களில் சம்பளம் வாங்கும் விமானிகள் பேரம் பேசிக்கொண்டிருப்பது நியாயமா?" என்று ஒரு கேள்வி. பக்கத்திலேயே கட்டம் கட்டி ஒரு சீனியர் கேப்டனின் மாதச் சம்பளம். கேள்வியைப் போட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான் சொல்லிக்கொள்ளலாமா?

என் மகன் கோ-பைலட். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உரிமம் கைக்கு வந்த பிறகு, ஏர்பஸ் ஓட்ட 'டைப் ரேட்டிங்' என்று, அந்த ரக விமானத்துக்கான தனிப் பயிற்சிச் சான்றுக்கு இன்னொரு செலவு. எங்கள் வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. உங்கள் கட்டத்தில் இதற்கெல்லாம் இடமில்லாமல் போயிருக்கும், பரவாயில்லை.

2020 மார்ச் 25 அன்று உள்நாட்டு விமானங்கள் நின்றன. அவனுக்கு வேலை கொடுத்திருந்த தனியார் நிறுவனத்திலிருந்து கொஞ்ச நாளில் ஒரு மெயில் வந்தது: மறு அறிவிப்பு வரும் வரை சம்பளமில்லா விடுப்பு. யாரை அனுப்புகிறார்கள், யாரை வைத்துக்கொள்கிறார்கள், எந்த வரிசையில் திரும்ப அழைப்பார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் பர்லோ, அதாவது சம்பளமில்லாமல் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்புவது என்றால், சங்கத்துடன் போட்ட ஒப்பந்தப்படி கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார், திரும்பக் கூப்பிடுவதும் சீனியாரிட்டிப்படிதான். இங்கே மேலதிகாரியின் மனசுதான் சீனியாரிட்டி. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட்டது உண்மைதான். வட்டியைத் தள்ளிப்போடவில்லை.

"வேறு கம்பெனிக்குப் போகலாமே" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். உங்களுக்குத் தெரியாததா? விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, வேலையை விட நினைத்தால் கோ-பைலட் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சம்பளமில்லா விடுப்பு என்றால் வேலை நீக்கமும் இல்லை. அதனால் ஊழியர் என்ற கயிறு அப்படியே இருக்கும், சம்பளம் மட்டும் இருக்காது. சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. 90 நாட்களுக்குள் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் காட்டாவிட்டால் பயணிகளோடு பறக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு சிமுலேட்டர் செக் (விமானம் போலவே இயங்கும் பயிற்சி இயந்திரத்தில் சோதனை), அது தவிர மெடிக்கல். சிமுலேட்டரில் இடம் கிடைப்பதும் நிறுவனம் மனது வைத்தால்தான். அந்த வருடம் அவனுக்கு வந்த இரண்டு வரன்களும் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று ஒதுங்கிவிட்டன. அது தனிக்கதை, உங்கள் பத்திரிகைக்கு உதவாது.

எங்கள் வீட்டை விடுங்கள். ஏர் இந்தியா அப்போது அரசு நிறுவனம். சம்பள வெட்டு பற்றி விமானிகளின் சங்கங்கள் அமைச்சகத்தோடு பேசிக்கொண்டிருந்த அதே 2020 ஜூலையில், ஊழியர்களை ஆறு மாதமோ இரண்டு வருடமோ சம்பளமில்லாமல் அனுப்பலாம், அதை ஐந்து வருடம் வரை நீட்டிக்கலாம் என்று நிர்வாகம் ஒரு திட்டத்தை எடுத்து வைத்தது. ஐந்து வருடம்! மேஜை மேல் அதை வைத்துவிட்டு, "வாருங்கள், பேசலாம்" என்பதற்குப் பெயர்தான் பேச்சுவார்த்தை. அந்த விமானிகள்தான் வந்தே பாரத் விமானங்களில் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டி வந்துகொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விழுந்தது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். உங்கள் இதழில் 'வானத்து வீரர்கள்' என்று அட்டைப்படம் வந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு வாரம்தான் ஆனது. சம்பளம் தாமதமானதால் முன்பு ராஜினாமா கொடுத்து, பிறகு அதைத் திரும்பப் பெற்றிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஏர் இந்தியா விமானிகளை ஒரே ராத்திரியில் நீக்கினார்கள். 2021 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்து செய்து, அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை உங்கள் இதழில் நான் தேடிப் பார்த்தேன்.

தனியார் நிறுவனங்களில் இந்தப் பேச்சுக்கூட அபூர்வம். 2009-இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் அமைக்கப் போய், இரண்டு பேரின் வேலை போனது. மற்றவர்கள் உடம்பு சரியில்லை என்று ஐந்து நாள் வராமல் இருந்தபோது, 'பயணிகள் தவிப்பு' என்றுதான் எல்லோரும் எழுதினீர்கள். அதே ஜெட்டில் 2019 ஜனவரியிலிருந்து விமானிகளுக்குச் சம்பளம் வரவில்லை. அப்போதும் ஓட்டினார்கள். ஏப்ரல் 17 ராத்திரி அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்த கடைசி விமானத்தையும் சம்பள பாக்கியோடுதான் இறக்கினார்கள். 2024-இல் விஸ்தாரா விமான நிறுவனத்தில், மாதம் இத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி என்று இருந்த கணக்கை 70-இலிருந்து 40 ஆக்கிக் கையெழுத்துக் கேட்டார்கள். விமானங்கள் ரத்தான பிறகுதான் விமானிகளுக்கும் ஒரு தரப்பு இருப்பது செய்தியானது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் 43 விமானிகள் நோட்டீஸ் காலம் முடிக்காமல் போய்விட்டார்கள் என்று ஆகாசா ஏர் நீதிமன்றத்துக்குப் போனது. நிறுவனத்தையே மூட வேண்டி வரலாம் என்றும் அங்கே சொன்னது. ஆக, விமானி கிளம்பினால் வழக்கு. நிறுவனம் அனுப்பினால் விடுப்பு. இதில் பேரம் பேசும் வலு எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

பேரம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் 2,850 விமானிகளை பர்லோவில் அனுப்ப இருந்தது. சங்கம் உட்கார்ந்து பேசியது. பறக்கும் நேரத்தையும் அதற்கான சம்பளத்தையும் எல்லோரும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள விமானிகளே ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். அப்போதைக்கு யாரையும் அனுப்பவில்லை. நியாயமா என்று கேட்டிருந்தீர்களே, அதற்காகச் சொன்னேன்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே அளவுக்கு ஒரு கட்டம் கட்டி, ஒரு கோ-பைலட்டுக்குக் கடன் தவணை போகக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று போடுங்கள். என் மகனின் பாஸ்புக் நகலைப் பெயரை மறைத்துத் தருகிறேன். அந்தக் கேப்டன் சம்பளத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் அதன் கீழே ஒரு வரி போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ம. ச.,
ஸ்ரீரங்கம்