எடை போடும் முன் ஒரு நாள் பொறுங்கள்

தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று இராமநாதபுரம் கடற்கரை நெடுகப் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் பாய்மார்களுக்கும், தள்ளுவண்டியில் தெருத்தெருவாகப் போய்ச் சரக்கு எடுப்பவர்களுக்கும், உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவன் எழுதுவது.

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கட்டி வைத்த மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டாமல் போகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. உண்மைதான், மன்னிக்கவும். என்ன தேடுகிறேன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "சும்மா, பழைய புத்தகம்" என்று மழுப்பியிருக்கிறேன். சொன்னால் விலையை ஏற்றிவிடுவீர்களோ என்ற பயம். இப்போது அந்தப் பயத்தை விட்டுவிட்டேன். தேடுவது பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளும் வீடியோ கேம் பத்திரிகைகளும். நானும் தொண்டியில் செல்போன் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரும் வேலை ஓய்ந்து வீடு திரும்பிய ஓர் ஆசிரியருமாக, மூன்று பேர் அவற்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைக்கிறோம். இதில் எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை. வீட்டில் ஏச்சு மட்டும் தவறாமல் வருகிறது.

சென்ற ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். கீழக்கரையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று தகவல் வந்தது. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருபது வருடம் இருந்தவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு டிவி கேமும் கேசட்டும் பத்திரிகைகளுமாகக் கொண்டுவந்து இறக்கியவர். அவர் மௌத்தாகிவிட்டார், பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். மாடியறைக் காகிதமெல்லாம் ஒரே நாளில் எடைக்குப் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தது மறுநாள். அதற்குள் லோடு கிளம்பியிருந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர். "நேற்று வந்திருக்கக் கூடாதா தம்பி" என்று டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துக்கொண்டே கீழே பார்த்தேன். மணல் தரையில் எடை மெஷின் ஆடாமல் இருக்க, அதன் ஒரு காலுக்கு அடியில் சணல் போட்ட சின்னக் கட்டு ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார். வெளியே கிடந்த செங்கல்லை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்துவிட்டுக் கட்டை உருவினேன்.

ஆறு இதழ்களும் ஒரு கையேடும் இருந்தன. கையேடு அரபு மொழியில். குவைத்தின் அல் ஆலமியா நிறுவனம் 1980களில் சக்ர் என்ற பெயரில் விற்ற எம்எஸ்எக்ஸ் என்ற வகை வீட்டுக் கணினிக்கு உரியது. திரையில் அரபு எழுத்து தெரியவேண்டும் என்பதற்காகவே உருவான கணினி அது. அதன் கையேடு கப்பலோ விமானமோ ஏறி வந்து, முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மாடியறையில் கிடந்து, கடைசியில் எடை மெஷினுக்கு முட்டாக நின்றிருக்கிறது.

இதழ்களில் நான்கு ஆங்கிலம், இரண்டு தமிழ். ஆங்கில இதழ் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால், இன்னும் கூட்டெழுத்துப் பழகாத கையில், யாரோ ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ." உங்கள் பிள்ளைகளில் நாற்பது வயதைத் தொட்டவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள், சிரிப்பார்கள். கொனாமி நிறுவனத்தின் கிரேடியஸ் விளையாட்டில் 1986இல் முதலில் வந்த ரகசியப் பொத்தான் வரிசை இது. பிறகு வந்த கான்ட்ரா விளையாட்டில் இதை அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதிலாக முப்பது உயிர் கிடைக்கும். 999999 விளையாட்டு இருப்பதாகப் பொய் சொல்லும் கேசட்டுகளை வாங்கி, கரண்ட் எப்போது போகுமோ என்று பயந்துகொண்டே ஆடிய தலைமுறைக்கு அது மந்திரம். அந்த மந்திரத்தைக் கீழக்கரையில் ஒரு பிள்ளை தமிழாக்கி வைத்திருக்கிறது. உலகத்தில் அந்தப் பிரதி ஒன்றே ஒன்றுதான், அதுவும் உங்கள் எடை மெஷினுக்கு அடியில்.

வெளிநாட்டு இதழ்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. 1975 முதல் 1998 வரை வந்த பைட், 1988 முதல் 2012 வரை வந்த நிண்டெண்டோ பவர் போன்றவற்றைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தங்கள் வீட்டு இதழ்களைத் தாங்களே ஸ்கேன் செய்து, விடுபட்ட மாதத்தை ஒருவரிடம் ஒருவர் கேட்டு வாங்கி நிரப்புகிறவர்கள். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2025 ஜனவரியில் தன் மின்நூலகத்தைத் திறந்தபோது, நின்றுபோன விளையாட்டு இதழ்களின் 1,500க்கும் மேற்பட்ட பிரதிகளைப் படிக்கக் கொடுத்தது. அங்கே ஒருவர் தூக்கிப் போட்டால் இன்னொருவர் பரணில் அதே இதழ் இருக்கும். நம் ஊருக்கு நீங்கள்தான் பரண்.

இங்கே வந்தவை என்ன? 1987இல் தொடங்கிய பிசி க்வெஸ்ட், பின்னால் வந்த டிஜிட், அதோடு வந்த ஸ்கோர் என்ற விளையாட்டு இதழ், தமிழில் தமிழ் கம்ப்யூட்டர், தினமலரோடு திங்கள்கிழமை வந்த கம்ப்யூட்டர் மலர். இந்தத் தமிழ்ப் பக்கங்கள்தான் எனக்கு உயிர். கம்ப்யூட்டர் மலரை எத்தனை பேர் எடுத்து வைத்திருப்பார்கள்? இணைப்பிதழ் என்றாலே செவ்வாய்க்கிழமை வடை மடிக்கத்தான்.

அப்படி என்ன அதில் இருக்கிறது என்று கேட்பீர்கள். இன்றைக்குச் செல்போனில் தமிழ் தட்டுவது தண்ணீர் குடிப்பதுபோல் ஆகிவிட்டது. 1990களில் அப்படி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் எழுத்துரு, தனக்கென்று ஒரு விசைப்பலகை வைத்திருந்தது. பாமினி என்ற எழுத்துருவில் அடித்ததை வேறொன்றில் திறந்தால் கிறுக்கலாக வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகுதான் தமிழ் 99 விசைப்பலகை பொதுவாக வந்தது. அதற்கு முந்திய ஃப்ளாப்பிகளில் மாட்டிக்கிடக்கும் கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கோயில் மலர்கள் எதையும் இன்று திறந்து படிக்கவேண்டுமென்றால், எந்த எழுத்து எந்த விசையில் இருந்தது என்ற படம் வேண்டும். அந்தப் படங்கள் இந்தப் பத்திரிகைகளில் விளம்பரமாகவும் பாடமாகவும் வந்திருக்கின்றன. நான் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு பக்கத்தைக் கிழித்துக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். வெள்ளையடித்தபோது போயிற்று. அதற்கு யாரைக் குறை சொல்வது? வெள்ளையடிக்கச் சொன்னவன் நான்தான்.

இன்னொன்று. அந்தக் காலத்து இதழ்களில் விளையாட்டின் நிரலையே, அதாவது புரோகிராமையே, அச்சடித்துக் கொடுப்பார்கள். வாசகர் வரி வரியாகத் தட்டி ஏற்றிக்கொள்ளவேண்டும். ஒரு காற்புள்ளி பிசகினாலும் ஓடாது. அச்சுப்பிழை இருந்தால் திருத்தம் அடுத்த மாதம் வரும். அதனால்தான் உங்களிடம் "இதற்கு அடுத்தது இருக்கிறதா" என்று நச்சரிக்கிறேன். ஒற்றை இதழ் கிடைப்பது ஒற்றைச் செருப்பு கிடைப்பது மாதிரி.

வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்தால் நம்புவீர்கள். நம் ஊர் உப்புக்காற்றில் முதலில் போவது ஸ்டேப்ளர் பின். துருப்பிடித்துக் காகிதத்தைச் சேர்த்துத் தின்றிருக்கும். வலை பின்னும் ஊசியின் முனையால் பின்னின் இரண்டு காலையும் மெல்ல நிமிர்த்தி, பின்பக்கமாகத் தள்ளி எடுக்கிறேன்; இழுத்தால் நடுப்பக்கம் கிழியும். பசை போட்டு ஒட்டிய முதுகாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் முதுகின்மேல் ஓட்டி, பசை இளகியதும் தாள் தாளாகக் கழற்றவேண்டும். மெல்லிய தாள் என்றால் பின்னால் கறுப்பு அட்டை வைக்கிறேன், இல்லாவிட்டால் மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியும். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து, ஒரு ஏ4 பக்கம் வண்ணத்தில், சுருக்காமல், ஏறக்குறைய 100 எம்பி வரும். 100 பக்க இதழ் ஒன்றுக்கு 10 ஜிபி. ஜெராக்ஸ் கடை வருமானத்தில் ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்பதால் சுருக்கித்தான் வைக்கிறோம். ஒரே பிரதியாகக் கிடைத்ததை மட்டும் சுருக்குவதில்லை.

இராமபாணப் பூச்சி அட்டை முதல் அட்டை வரை நேராகத் துளைத்துவிட்ட இதழ்களும் வரும். தள்ளிவிடாதீர்கள். துளை எழுத்தில் விழாமல் இருந்தால் படிக்கமுடியும். எழுத்தில் விழுந்தாலும் பாதி படிக்கலாம்.

மழைக்காலத்தில் நனைந்த கட்டுகளை வெயிலில் போடவேண்டாம். இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். வழவழத்த தாளின்மேல் களிமண் பூச்சு இருக்கிறது. நனைந்தால் அது இளகும், நனைந்தபடியே அடுக்கில் காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று பலகைபோல் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த வித்தைக்கும் பிரியாது. இரண்டு நாளில் பூஞ்சணமும் பிடிக்கும். ஒரு கார்த்திகையில் எனக்கு நனைந்த கட்டு ஒன்று கிடைத்தபோது, பாலிதீன் பையில் சுற்றி, பக்கத்து வீட்டு மீன் வியாபாரியின் ஃப்ரீசரில் நெத்திலிக்கு மேலே போட்டு வைத்தேன். பனியாக உறைந்தால் கெடுவது நின்றுவிடும். பிறகு நாளுக்கொன்றாக வெளியே எடுத்து, ஈரம் இருக்கும்போதே பக்கத்தைப் பிரித்து, இடையில் வெள்ளைத்தாள் வைத்துக் காயவைத்தேன். எல்லாம் பிழைத்தது. மீன் வாசனையும் பிழைத்தது. உங்கள் கைக்கு நனைந்தது வந்தால் ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இதழோடு வந்த குறுந்தகடுகளையும் சேர்த்தே கேட்கிறேன். பாம்பன் பக்கம் கருவாடு காயும் இடத்தில் காக்கை விரட்ட வரிசையாகத் தகடுகள் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் சுற்றிப் பளபளத்துக்கொண்டிருந்த அவற்றில் ஒன்று பத்திரிகையோடு வந்த, லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் தகடு. அதற்குப் பதிலாக இரண்டு பழைய பாட்டுத் தகடு கொடுத்து வாங்கிவந்தேன். காக்கைக்கு இரண்டும் ஒன்றுதான். கணினியில் போட்டால் சுற்றியது, திறக்கவில்லை. உப்பு மேல்பூச்சைத் தின்றுவிட்டது.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று இராமநாதபுரத்துக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் இருக்கும் அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஜெராக்ஸ் கடை பொது நூலகம் ஆகாது. அதனால் ஸ்கேன் செய்ததை நாங்கள் இணையத்தில் ஏற்றுவதில்லை, விற்பதில்லை. 2016இல் நிண்டெண்டோ பவர் ஸ்கேன்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்காப்பகத்திலிருந்து இறக்கப்பட்டதை நான் மறக்கவில்லை. காகிதத்தையும் கோப்பையும் சேர்த்து, சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நூலகத்திடம் ஒப்படைப்பதுதான் எண்ணம். அதுவரை என் வீட்டு அலமாரி. நீங்களும் எடைக்கு வாங்கிய காகிதத்தை எடைக்கு விற்கிறீர்கள், அதில் எந்தக் குற்றமும் இல்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை உங்களில் மூத்தவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த ஊரும் 1985 வரை நம் மாவட்டம்தான். விளம்பரப் பலகை எழுதிய அந்த மனிதர் பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று யாரும் மதிக்காததையெல்லாம் சேர்த்தார். 1994 முதல் அந்தச் சேகரிப்பின்மேல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே நிற்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த மண்ணில், 2005இல் நூலகம் என்றே பெயர் வைத்துத் தன்னார்வலர்கள் பள்ளி மலரிலிருந்து துண்டுப்பிரசுரம் வரை மின்வடிவாக்குகிறார்கள். நாங்கள் மூன்று பேர் அவர்கள் கால்தூசுக்கு ஆகமாட்டோம். ஆனாலும் கம்ப்யூட்டர் பத்திரிகை என்றால் இந்தக் கடற்கரையில் வேறு ஆள் இல்லாததால் நாங்கள் செய்கிறோம்.

பேரத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் படமோ, ஃப்ளாப்பி படமோ, பொம்மைச் சண்டைப் படமோ அட்டையில் இருந்தால், எந்த மொழியானாலும், தனியே ஒரு சாக்கில் போடுங்கள். நீங்கள் கிலோ என்ன விலைக்கு எடுத்தீர்களோ அதைப்போல் மூன்று மடங்கு தருகிறேன். பென்சில் கிறுக்கல் இருந்தால் குறையாகக் கணக்கிடவேண்டாம், அதற்குத்தான் முதலில் வருவேன். வழவழத் தாள் வடை மடிக்க எண்ணெய் இழுக்காது, கருவாடு கட்டினால் நழுவும். உங்களுக்கும் அது அவ்வளவு பிடித்த சரக்கில்லை என்று எனக்குத் தெரியும். லோடு ஏற்றும் முந்தின நாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நானே திரும்பக் கட்டிக் கொடுப்பேன். இந்த முறை சத்தியமாக.

இப்போதே எழுந்து உங்கள் எடை மெஷினுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள். ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். செங்கல்லோடு வருகிறேன்.