கோணமலைக்கு அரை நாள் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல சென்னையிலிருந்து இலங்கைக்குப் போற சொகுசுக் கப்பல் பத்தி எழுதியிருந்தீங்க. ரூம், நீச்சல் குளம், பஃபே, ராத்திரி ஷோ எல்லாம் விவரமா இருந்துச்சு, ஆனா கப்பல் போய் நிக்கிற ஊருங்களைப் பத்தி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு பேரோட நிறுத்திட்டீங்க. நாங்க குடும்பத்தோட அந்தப் பக்கம் கப்பல்ல போயிட்டு வந்தோம். என் ஆதங்கம் ஒண்ணே ஒண்ணுதான், கப்பல் அந்த ஊருங்கள்ல நிக்கிற நேரம் பத்தவே பத்தாது.

காலைல துறைமுகத்துக்கு வந்துருதுன்னு சொல்றாங்க, ஆனா வந்த உடனே யாரும் இறங்க முடியாது. பாஸ்போர்ட் செக்கிங், டோக்கன், பேட்ச் பேட்சா கூப்பிடுறது, அப்புறம் பஸ், இதெல்லாம் முடிஞ்சு ஊருக்குள்ள போறதுக்குள்ள வெயில் ஏறிடுது. கப்பல் கிளம்புறதுக்கு நல்லா முன்னாடியே எல்லாரும் உள்ள வந்துரணும்னு வேற ரூல். கப்பல்ல வித்த டூர் பஸ் லேட்டானா காத்திருப்பாங்க, நாமளா ஆட்டோ புடிச்சுப் போய் லேட்டானா காத்திருக்க மாட்டாங்க, அந்த பயத்துலயே முக்காவாசி பேர் அவங்க டூரையே வாங்குறாங்க. மதியச் சாப்பாடும் கப்பல்லயே ஆயிடுது. அப்புறம் அந்த ஊர்க்காரங்களுக்கு நம்மளால என்னதாங்க வருமானம்?

திருகோணமலைல எங்களுக்கு நடந்தது இதுதான். கோணமலை மேல இருக்கிற சிவன் கோயில் கோணேஸ்வரம், அங்க போய்ச் சேர்றப்போ உச்சி வேளை தாண்டிடுச்சு. வேன் ஓட்டுன தம்பி வழியிலேயே சொல்லிட்டார், "அக்கா, இப்ப போனா நடை பூட்டியிருக்கும், பின்னேரம்தான் திறப்பினம்"னு. பின்னேரம் நாங்க கப்பல்ல இருக்கணும். சம்பந்தர் பதிகம் பாடின தலம், அதைப் பார்க்கணும்னே எங்க மாமியார் முட்டி வலியோட அந்த ஏத்தம் ஏறி வந்தாங்க, கதவுக்கு வெளியில நின்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு இறங்குனாங்க. எனக்கு மனசே ஆறல.

அந்த மலையே ஒரு நாள் பார்க்க வேண்டிய இடம்ங்க. 1622ல போர்த்துகீசியர் பழைய கோயிலை இடிச்சு அந்தக் கல்லை வச்சே கோட்டை கட்டுனாங்க. இன்னைக்கும் கோட்டை வாசல் கல்லுல ரெண்டு மீன் செதுக்கியிருக்கு, பாண்டியர் சின்னம், பக்கத்துலயே தமிழ் எழுத்து. டூர் பஸ் அந்த வாசல் வழியாத்தான் உள்ள போகுது, ஆனா நிறுத்துறதில்ல, வேன் தம்பி நிறுத்திக் காட்டினதால பார்த்தோம். கோட்டைக்குள்ள புள்ளி மான் கூட்டம் கூட்டமா பயமில்லாம நம்ம பக்கத்துலயே மேயுது. மேல ராவணன் வெட்டுன்னு சொல்ற பாறைப் பிளவு கிட்ட நின்னு எட்டிப் பார்த்தா பாறை நேரா கடல்ல போய் இறங்குது. அந்த அடியிலதான் 1956ல மைக் வில்சனும், அவரோட நண்பரான அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் முங்கிப் போய் பழைய கோயிலோட தூணையெல்லாம் பார்த்தாங்க.

இது தவிர கன்னியா வெந்நீர் ஊத்து இருக்கு, சின்னச் சின்னதா ஏழு கிணறு, ஒவ்வொண்ணுலயும் சூடு வேற வேற. நிலாவெளி கடற்கரைக்கு எதிர்ல புறாத் தீவு இருக்கு, பவளப்பாறைக்காக 2003ல தேசியப் பூங்காவா அறிவிச்சது. மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் கடல் அமைதியா இருக்கும், படகுல போக நல்ல சீசன். அரை நாள்ல இதுல எதைப் பார்க்குறது?

அம்பாந்தோட்டை பத்தி எனக்கு பெரிய குறை இல்ல, யாலா காட்டுக்கு ஜீப்ல போறவங்க போலாம், கதிர்காமம் போறவங்க போலாம்.

காங்கேசன்துறைலயும் இதே கதைதான். துறைமுகத்துக்குப் பக்கத்துலயே மாவிட்டபுரம் முருகன் கோயில், அப்படியே போனா நகுலேஸ்வரம் சிவன் கோயிலும் கீரிமலைக் கேணியும். கடலுக்கு ஒட்டினாப்ல நல்ல தண்ணி ஊத்து, குளிக்கலாம்னா டூர்ல அதுக்கு டைம் குடுக்கல. நல்லூர் முருகன் கோயில் இன்னும் தள்ளி யாழ்ப்பாணம் டவுன்கிட்ட இருக்கு, போக வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுது. 1981ல எரிச்சாங்களே அந்த யாழ்ப்பாண நூலகம், திரும்பக் கட்டி வெள்ளை வெளேர்னு நிக்குது, அதை பஸ் ஜன்னல் வழியா காட்டிட்டு நகர்ந்துட்டாங்க. சுமார் 97 ஆயிரம் புத்தகம் போன இடம், இறங்கி அஞ்சு நிமிஷம் நிக்கக் கூட விடலன்னா எப்படி? பனையோலைக் குட்டான்ல (சின்னப் பெட்டி) பனங்கட்டி, அதான் நம்ம பனை வெல்லம், வச்சு விக்குற ஒரு அம்மாகிட்ட ஓடிப்போய் வாங்கிட்டு வந்தோம், அந்த ஊர்ல நாங்க செலவழிச்சதே அவ்வளவுதான்.

அதனால கப்பல் நடத்துறவங்களுக்கு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன். திருகோணமலைலயும் காங்கேசன்துறைலயும் ஒரு ராத்திரி நிறுத்துங்க. வேற நாடுகள்ல நிறைய க்ரூஸ் கப்பல் இப்படி துறைமுகத்துல ராத் தங்குது, புதுசா ஒண்ணும் கேக்கல. அது முடியலன்னா விடியக்காலைல இறக்கி விட்டு சாயங்கால பூஜை முடிஞ்சப்புறம் கிளம்புங்க, கடல்ல சும்மா மிதக்குற நேரத்துல கொஞ்சம் குறைச்சுக்கிட்டா போதும். உள்ளூர் வேன், ஆட்டோக்காரங்களை துறைமுக வாசல்லயே நிக்க விடுங்க. எந்தக் கோயில் எப்போ திறக்கும்னு முந்தின நாள் ராத்திரியே தமிழ்ல ஒரு பேப்பர் அடிச்சு ரூமுக்கு ரூம் குடுத்துடுங்க.

யாழ்ப்பாணம் மட்டும் பார்த்தா போதும்னு நினைக்கிற வாசகர்களுக்கு, 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்கு பயணிகள் கப்பல் விட்டாங்க, நாலு மணி நேரத்துல கொண்டு போய் விட்டுரும். மழைக் காலத்துல நிறுத்திடுவாங்க, அதனால ஓடுதான்னு விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. அங்க போய் இஷ்டத்துக்குத் தங்கிப் பார்த்துட்டு வரலாம், மணி பார்க்க வேண்டியதில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை