ஸ்டெப்னி இல்லாத கார்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீ வாங்க நினைக்கும் பழைய ஜெர்மன் காரின் டிக்கியில் ஸ்டெப்னியைக் காணோம் என்றும், விற்பவர் எடுத்து ஒளித்துவிட்டாரோ என்றும் எழுதியிருந்தாய். பாவம், அவர்மேல் பழி போடாதே. அது ஸ்டெப்னி இல்லாமலே விற்கப்பட்ட காராக இருக்கலாம். டயரின் பக்கவாட்டைக் குனிந்து பார், ஆர்.எஸ்.சி., ஆர்.எஃப்.டி., எஸ்.எஸ்.ஆர். என்று கம்பெனிக்கு ஒரு குறியாக ஏதேனும் இருந்தால் அது ரன்ஃபிளாட் டயர்.

சாதாரண டயரில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது காற்று. அது போனால் பக்கவாட்டு ரப்பர் மடிந்து, ரிம்முக்கும் தரைக்கும் நடுவே அகப்பட்டு நசுங்கிவிடும். ரன்ஃபிளாட்டில் அந்தப் பக்கவாட்டைத் தடித்த ரப்பரால் உட்புறம் வலுப்படுத்தியிருப்பதால், காற்றில்லாமலும் அதுவே வண்டியைத் தாங்கி நிற்கும். பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் என்பது கணக்கு. டயர் நிமிர்ந்தே நிற்பதால் பஞ்சரானது கண்ணுக்கும் தெரியாது, ஸ்டியரிங் பிடித்த கைக்கும் தெரியாது. ஆகவே காற்றழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு இல்லாத காரில் இதைப் போடவே கூடாது.

சென்ற மழைக்காலத்தில் சென்னையிலிருந்து இரவு திரும்பியபோது, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டியதும் எனக்கு அந்த விளக்கு எரிந்தது. அந்த இருட்டில் ஜாக்கியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை என்பதே பெரிய நிம்மதி. அறுபதைத் தாண்டாமல் ஓட்டிப் புதுச்சேரியை அடைந்தேன். கணக்கில் இன்னும் தூரம் மிச்சமிருக்கிறதே என்று கடலூர் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

மறுநாள் டயரைக் கழற்றிய கடைக்காரர் உள்ளே கைவிட்டு வழித்து, உள்ளங்கையை என் முன் நீட்டினார். கண்மை போல ஒரு பிடி கறுப்புத் தூள். “உள்சுவர் அரைபட்டுக் கொட்டியிருக்கு சார், இனி இதுக்குப் பஞ்சர் ஒட்ட மாட்டேன்” என்றார். ஆணி ஏறிய துளை கடுகளவுதான், அதுவும் ஒட்டக்கூடிய நடுப்பகுதியில். டயரைத் தீர்த்துக் கட்டியது ஆணியல்ல, ஆணிக்குப் பிறகு நான் ஓட்டிய தூரம். அந்த 80 கிலோமீட்டர் நம்மைக் கரைசேர்ப்பதற்கே. டயர் பிழைக்கும் என்பதற்கு அதில் உத்தரவாதம் கிடையாது.

மாற்றுவதும் சாமானிய வேலையல்ல. பக்கவாட்டு விறைப்பாக இருப்பதால் கடப்பாறை போட்டு நெம்பினால் ரிம்மின் விளிம்பும், வால்வோடு காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். துணைக்கை உள்ள டயர் கழற்றும் இயந்திரம் இருக்கும் கடையாகப் பார்த்துப் போக வேண்டும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரன்ஃபிளாட்டும் மறுபக்கம் சாதாரண டயருமாகப் போடச் சம்மதிக்காதே.

நான் மறுபடியும் ரன்ஃபிளாட்டே போட்டுக்கொண்டேன், இரவுப் பயணம் அதிகம் என்பதால். பள்ளங்களில் அதன் விறைப்பு என் இடுப்புக்குத் தெரியும், விலையும் கூடுதல். நீயோ புதுச்சேரியில் வில்லியனூருக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவிலேயே ஓட்டப் போகிறவன். கூப்பிடு தூரத்தில் பஞ்சர் கடை இருக்கும் உனக்கு, கார் கம்பெனியின் கையேடு அனுமதித்தால், தேய்ந்த பிறகு நான்கையும் சாதாரண ட்யூப்லெஸ் டயர்களாக மாற்றி, ஒரு ஸ்டெப்னியும் ஜாக்கியும் வாங்கி வைப்பதே சரி.

பணம் கொடுப்பதற்கு முன் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணைப் படி. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். நான்கு டயர்களின் எண்களையும் குறித்து அனுப்பு. விலையில் எவ்வளவு குறைக்கச் சொல்லலாம் என்று அதன் பிறகு பேசுவோம்.

உன் பழைய விடுதி அறைத்தோழன்