கடன் தவணை பனையின் பருவத்தை ஒட்டி அமையட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வழங்கப்படும் வங்கிக் கடன் பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய குழு முறையும், 1992-இல் நபார்டு என்னும் தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி கொண்டுவந்த வங்கி இணைப்பும் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் வங்கி வாசலை மிதித்திருக்க மாட்டோம். ஆனால் திசையன்விளை, இராதாபுரம் பக்கத்துப் பனைத்தொழில் குடும்பங்களுக்குக் கடன் எவ்வளவு என்பதைவிட, அதை எப்போது திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி.

இங்கே பதநீர் கிடைப்பது பங்குனி முதல் ஆடி வரைதான். ஆண்கள் காலையும் மாலையும் ஏறி இறக்கும் பதநீரைப் பெண்கள் நாங்கள் விடிலி என்னும் காய்ச்சும் குடிசையில் ஓலையும் மட்டையும் எரித்து மணிக்கணக்கில் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுகிறோம். பதம் தப்பினால் அன்றைய பாடு முழுவதும் வீண். அந்தக் கருப்பட்டியை அடுப்புக்கு மேல் பரணில் புகை படும்படி வைத்திருந்து ஐப்பசி, கார்த்திகையில் விற்றால் நல்ல விலை கிடைக்கும். ஆனால் வேலையில்லா மாதங்களில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள், சித்திரையிலேயே அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. குழுக்கடன் வாங்கி அவரிடமிருந்து மீண்டவர்களுக்கோ அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடுவதால், அவர்களும் அதே சித்திரையில், அதே விலைக்குத்தான் விற்கிறார்கள்.

இதனால் எங்கள் குழுவின் 14 பேரும் பேசி, வங்கிக் கடனை நம்பாமல், எங்கள் சேமிப்பிலிருந்தே உள்கடன் கொடுத்து, கார்த்திகையில் திருப்பிக் கட்டினால் போதும் என்று முடிவு செய்தோம். எல்லோருடைய கருப்பட்டியையும் ஓர் அக்கா வீட்டுப் பரணில் அடுக்கினோம். இடம் போதாமல் சுவரோரம் வைத்த இரண்டு பெட்டிகள் ஈரத்தில் கசிந்து பாகாகிவிட்டன. அந்த இழப்பைப் பங்கிட்டுக்கொண்டோம். அப்படியும் ஒருவர்கூடக் கடன் பாக்கி வைக்கவில்லை, அவ்வாண்டு எவரும் முன்பணத்துக்குக் கை நீட்டவுமில்லை.

ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்புகளுக்கு ஈரம் ஏறாத ஒரு சேமிப்பு அறை இருந்தால், கருப்பட்டியை ஒரே இடத்தில் சேர்த்து, சீனி கலக்காத சரக்குதானா என்று சோதித்து, இருப்பின் பேரில் கடன் கொடுக்கலாம். நியாயவிலைக் கடைகளில் கருப்பட்டி விற்கப்படும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அதற்கான கொள்முதலையும் இக்கூட்டமைப்புகளிடமிருந்தே செய்யலாம். வரும் பங்குனிக்கு முன்பாகவே, பனைத்தொழில் செய்யும் குழுக்களுக்கு மாதத் தவணையை நீக்கி, கார்த்திகையில் ஒரே தவணையாகக் கட்டும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகமும் வங்கிகளும் செய்து தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மகளிர் குழுப் பொருளாளர் ஒருவர்,
இராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.