வேரைப் பிடுங்காமல் நீரோட்டம் பார்க்க

ஆசிரியர் அவர்களுக்கு,

செடி தண்ணீர் குடிப்பதை அளக்க வேரைத் தோண்டிப் பார்ப்பதே வழி என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்திருந்தது. தோண்டினால் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்முடிகளான வேர்த்தூவிகள் அறுந்து, அளக்க வந்த உறிஞ்சலே நின்றுபோகும்.

பள்ளிக்கு ஒரு மின்தராசு போதும். தொட்டிக்கு நீர் ஊற்றி, வடிவது நின்றதும் தண்டைச் சுற்றி மண்ணைப் பாலிதீன் தாளால் மூடிக் கட்டுங்கள். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நிறுங்கள். குறையும் ஒவ்வொரு கிராமும் இலைவழி போன 1 மில்லிலிட்டர். தராசு வெயிலில் இருந்தால் எண் நகரும். மின்விசிறி ஓடினால் நிற்கவே நிற்காது. செடியில்லாத தொட்டி ஒன்றையும் அதேபோல் மூடி நிறுங்கள். அதுவும் எடை குறைந்தால் தாளில் எங்கோ இடைவெளி!

எந்த வேர் குடிக்கிறது என்பதைத் தராசு சொல்லாது. அதற்கு நியூட்ரான் படம், அதாவது எக்ஸ்ரே போல நியூட்ரான் துகள்களைப் பெட்டியினூடே செலுத்தி எடுக்கும் படம். மணல் நிரப்பிய ஒடுங்கிய அலுமினியப் பெட்டியில் லூபின் என்ற பயறு வகைச் செடி வளர்த்து, வேரருகே ஊசியால் கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள நீர்) செலுத்துவார்கள். சாதாரண நீரின் ஹைட்ரஜன் நியூட்ரானைச் சிதறடிக்கும். கனநீரின் டியூட்டீரியம் அவ்வளவு தடுக்காது. நியூட்ரானுக்கு அலுமினியம் ஏறக்குறையக் கண்ணாடி மாதிரி. கனநீர் புகுந்த வேர் படத்தில் வெளுக்கும். கனநீர் மணலின் மற்ற பகுதிகளுக்கு ஓடாதிருக்க இடையிடையே பருமணல் அடுக்கு வேண்டும்.

வெளுத்ததெல்லாம் உறிஞ்சல் என்று எண்ணிவிடக் கூடாது. இலைத்துளைகள் மூடிய இரவிலும் கனநீர் தானாகவே வேருக்குள் பரவும். இரவிலும் ஒருமுறை படமெடுத்து, அந்தப் பரவலைப் பகல் கணக்கிலிருந்து பிரித்த பிறகே உறிஞ்சிய அளவு தெரியும்.

இப்படிக்கு,
தாவர உடலியல் பயிற்றுநர்கள்