பாதியில் நிற்கலாம், தப்பில்லை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் உன் கழுத்தின் பின்பக்கம் சிவந்து, தோல் உரிந்திருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். ராத்திரி முழுக்க அதே பேச்சு. நீச்சலுக்குப் போடும் ரப்பர் உடை (வெட்சூட்) உரசியது என்று நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். மூச்சு வாங்கத் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தானே தேய்கிறது? கடல் தண்ணீர் பட்டால் எரிச்சல் இன்னும் கூடும். இனி இறங்குவதற்கு முன்னால் கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தாராளமாகத் தடவிக்கொள்.

புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காகப் பணம் திரட்ட நீ அயர்ன்மேன் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து நானும் அதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கிய கையோடு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பெரும்பாலான இடங்களில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 17 மணி நேரம்தான் கெடு. 1978-இல் ஹவாயில் முதன்முதலாக நடந்தபோது 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்திருக்கிறார்கள். உன்னால் முடியுமா என்ற கேள்வியே எனக்கு இல்லை. விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டு, அப்புறம் வேலைக்கும் போகிறவள் நீ. என் மனதை அரிப்பது வேறு.

போன வாரம் பேசும்போது, "இத்தனை பேர் பணம் கொடுத்திருக்காங்கப்பா, எப்படிப் பாதியில நிக்க முடியும்?" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

நிற்கலாம் அம்மா. அவர்கள் கொடுத்தது புற்றுநோயோடு படுத்திருக்கும் குழந்தைகளுக்கு. நீ முடிவுக் கோட்டைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். உன் பதக்கத்துக்காக யாரும் பணம் தரவில்லை.

கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்று ஒரு பையன் இருந்தான். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவன். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, 1980-இல் செயற்கைக் காலோடு நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடக் கிளம்பினான். தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்து நிறுத்த வேண்டியதாயிற்று. மறுகரையை அவன் பார்க்கவே இல்லை. ஆனால் அவன் நின்ற பிறகும் பணம் வந்துகொண்டே இருந்தது. நாட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் வீதம் சேர வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். சில மாதங்களில் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டி அந்த ஆசை நிறைவேறியது. 1981 ஜூனில் அவன் இறந்தபோது வயது 22. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உன் பந்தயத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. டிக் ஹாய்ட் என்ற தகப்பன், பெருமூளை வாதத்தால் நடக்க முடியாத தன் மகன் ரிக்கை ரப்பர் படகில் வைத்து இழுத்துக்கொண்டு நீந்தினார், சைக்கிளின் முன்னால் உட்காரவைத்து மிதித்தார், சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடினார். 1988-இல் ஹவாயில் நீச்சலிலேயே நேரக் கெடு தாண்டிப்போய் வெளியேற நேர்ந்தது. மறுவருடம் திரும்பி வந்து முடித்தார்கள்.

கால் வலிக்கும், தொடை பிடிக்கும், சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் உன்னுடையவை போலவே இருக்காது. அதையெல்லாம் நீ தாங்கிக்கொள்வாய், நான் தடுக்க மாட்டேன். ஆனால் நெஞ்சு இறுகினாலோ, தண்ணீரில் மூச்சுத் திணறி இருமல் வந்தாலோ உடனே கையைத் தூக்கு. காவல் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதை வைத்து முன்னேறாத வரை விதி மீறல் ஆகாது. வெயிலில் தலை சுற்றி, பேச்சு குழறினால் அங்கேயே நின்றுவிடு. பயத்தில் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்காதே. ரத்தத்தில் சோடியம் இறங்கினாலும் குமட்டலும் தலைவலியும் குழப்பமும் வரும். அது உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடி, உப்பையும் மறக்காதே. முடிந்தபின் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், அசதிதான் என்று படுத்துவிடாமல் டாக்டரிடம் போ. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அடையாளம் அது.

பணம் விஷயத்தில் நீ கறாராக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நுழைவுக் கட்டணம், சைக்கிள், பயணச் செலவு எல்லாம் உன் சம்பளத்திலிருந்து. நன்கொடையில் ஒரு காசும் தொடுவதில்லை. சரி, அதைக் கொடுப்பவர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடு. முடிந்தவரை பணம் உன் கணக்குக்கு வராமல் நேரே தொண்டு நிறுவனத்துக்கே போகட்டும், ரசீதும் அங்கிருந்தே வரட்டும். கூடவே ஒரு வரி சேர்த்து எழுது: 'நான் முடிக்காமல் போனாலும் உங்கள் பணம் குழந்தைகளுக்குப் போய்ச் சேரும்.' கொடுப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும். அன்றைக்கு ஓட்டத்தின் 30-வது கிலோமீட்டரில் உனக்கும் அது நினைவிருக்க வேண்டும்.

அம்மாவும் நானும் வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஓட்டப் பாதை ஒரே வளையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவது என்றால், உன்னை அதிகத் தடவை பார்க்கக்கூடிய திருப்பம் எது என்று வரைபடத்தில் குறித்து அனுப்பு. பந்தய எண் வந்ததும் சொல். மருத்துவப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு என் எண்ணைக் கொடு. அன்று முழுக்க போன் என் கையில்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா