லடாக்கின் லே நகரில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. கர்துங் லா கணவாய்க்குப் போகும் வழியில், சாம்பல் நிறப் பாறைமேல் வெறுங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறாய். அம்மாவிடம் காட்டினேன். கையுறை ஏன் போடவில்லை என்றுதான் முதலில் கேட்டாள். கூடவே நீ எழுதியிருந்த கேள்வி என்னை இரண்டு நாளாக விடவில்லை: "அக்கா, இவ்வளவு பெரிய மலையில் ஒரு எரிமலைகூட ஏன் இல்லை?"

இருந்தது தம்பி. நீ கை வைத்திருப்பதே அதன் வேரில்தான்.

அந்தப் பாறை கிரானைட். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் அது எரிமலைகளுக்கு அடியில் கிடந்த பாறைக்குழம்பு. வெளியே வராமல் ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகிவிட்டது. மேலே இருந்த எரிமலைகள் பெரும்பாலும் கரைந்துபோயின. கணவாய் தாண்டி கர்துங் ஊர்ப் பக்கம் கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது.

அப்போது இந்தியா தெற்கே தள்ளி இருந்தது. நடுவில் டெத்திஸ் கடல். கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் அந்தக் கடலில் வாழ்ந்த உயிரின் ஓடுதான். அந்தக் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் நுழைந்து இறங்கிக்கொண்டே இருந்தது. கடல்தரைப் பாறையில் தண்ணீர் ஊறியிருக்கும். ஆழத்தில் சூடும் அழுத்தமும் ஏற ஏற அது வெளியேறி, மேலே உள்ள பாறைக்குள் புகும். ஐஸில் உப்புப் போட்டால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயே உருகுகிறதல்லவா? பாறைக்குத் தண்ணீர் அப்படி. உருகக்கூடாத சூட்டிலேயே உருக்கிவிடும். லடாக்கின் எரிமலைகளை எரியவைத்தது தண்ணீர் என்றே சொல்வேன்.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் தீர்ந்தது. பின்னாலேயே வந்த இந்திய நிலம் ஆசியாவில் முட்டியது. கண்டப் பாறை கனம் குறைந்தது. கடல்தரையைப் போல எளிதில் முங்காது. மடிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தடித்தது. திபெத்துக்கு அடியில் பூமியின் மேலோடு, அதாவது வெளிப்புறப் பாறை அடுக்கு, இன்று சுமார் 70 கிலோமீட்டர் தடிமன். தண்ணீர் வரத்து நின்றதும் எரிமலைகள் அணைந்தன.

அப்புறமும் உருகல் அடியோடு நிற்கவில்லை. தடித்த மேலோடு உள்ளுக்குள் சூடேறி, சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓரளவு உருகியது. ஆனால் அந்தக் குழம்பு மேலே எட்டாமல் உறைந்துவிட்டது. நேபாளத்து மனாஸ்லுவின் வெளிர் கிரானைட் அதுதான்.

எல்லா மோதலிலும் இப்படி நடப்பதில்லை. அரேபியா யூரேசியாவை முட்டும் வட்டாரத்தில் துருக்கியின் அராரத்தும், ரஷ்யாவின் 5642 மீட்டர் உயர எல்ப்ரூஸும் எரிமலைகளாகவே நிற்கின்றன. அங்கே கீழே இறங்கிய கடல்தரைத் தட்டு அறுந்துபோய், அந்த இடத்தில் சூடான பாறை மேலேறியது என்பது ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சிந்து நதியைத் தாண்டி ஹெமிஸ் பக்கம் போனால், கூழாங்கற்கள் பதிந்த பாறை அடுக்குகளைப் பார். அந்தக் கற்களில் கிரானைட்டும் எரிமலைப் பாறையும் உண்டு. வடக்கே நின்ற மலைகள் தேய்ந்து ஆற்றோடு உருண்டு வந்தவை. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கையுறை போட்டுக்கொண்டு.

அன்புடன்,
அக்கா